704

நியூ டவுனில் எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில் பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டு எங்களுக்கென்று ஒரு ஃபோரம் தொடங்கினேன். வீட்டு எண்தான் பயனர் பெயர். பதினெட்டுக் கணக்குகளையும் நானே உருவாக்கினேன். பட்டியலில் பத்தொன்பது இருந்தன. கூடுதலாக இருந்தது 704.

நீக்கினேன். மறுநாள் காலை திரும்ப வந்திருந்தது. அதற்குள் இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், குழாய் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எல்லோருக்கும் சரியான பதில் எழுதியிருந்தது. என் வேலை பாதியாகக் குறைந்தது. விட்டுவிட்டேன்.

பொங்கலன்று 302 சுலோசனா மாமி ஃபோரம் பட்டியலைப் பார்த்து, வீட்டுக்கொரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் போட்டார். 704-க்கும் ஒன்று.

"மாமி, இங்கே ஏழாவது மாடியே கிடையாது."

"தெரியும்டா. குழாய்க்காரன் நம்பர் கொடுத்தவங்களை விட்டுட முடியுமா? மொட்டைமாடிக் கதவுகிட்ட வெச்சுட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன். மாலைக்குள் மற்ற எல்லா டப்பாக்களும் மாமியிடம் காலியாகத் திரும்பின. கதவருகே இருந்ததை நான் எடுத்து வந்தேன். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே நாலு புதுவெல்லச் சந்தேஷ், இந்த ஊர் வங்காளிகளின் பால் இனிப்பு.

மாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கட்டடத்துலேயே டப்பாவை வெறுமனே திருப்பித் தராத வீடு இது ஒண்ணுதான்."