லீலா மேரிக்கு ஒரு கல்

"பேரைக் காணோம்ப்பா!"

அமிர்தசாமி வாத்தியார் செல்போனை அரங்கநாதனின் மூக்குக்கு நேரே நீட்டினார். ஜெயங்கொண்டத்தில் அரங்கநாதனுக்குச் சொந்தமான உரக்கடை அது. யூரியாவுக்கு நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் ஒரு கோயில். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் ஏதோ ஒரு பட்டிக்காடு. செங்கல் சுவர், தகரக் கூரை; கூரை போட்டு மூணு வருஷம் கழித்து இப்போதுதான் வேலை எல்லாம் முடிந்திருக்கிறது. வாசலில் ஊரே நின்று சிரிக்கிறது. நடுவில் செபஸ்டின் சாமியார். வரதராஜன்பேட்டைப் பையன்தான். வாத்தியாரிடம் அஞ்சாவது படித்து, பிரம்படி வாங்கி, இன்றைக்கு அங்கே போய்க் கோயில் கட்டியிருக்கிறார்.

"கோயில் அம்சமாத்தான இருக்கு. யாரு பேரைக் காணோம்?"

"யாரு பேரா? எம் பொண்டாட்டி பேருய்யா! லீலா மேரி வளையலை வித்துப் போட்ட கூரை அது. 'நான் போனப்புறம் இதைச் செபஸ்டின் கட்டுற கோயிலுக்குக் குடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினா. குடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வாசல்ல ஒரு கல்லு, அதுல அவ பேரு. 'சரி சார்'ன்னாரு. அப்புறம் கேக்குறப்பல்லாம் 'ஆகட்டும் சார், ஆகட்டும் சார்'னு இழுத்தடிச்சாரு. இப்ப பாரு, மொட்டைச் செவரு!"

"அநியாயம்ப்பா! எங்க பெருமாள் கோயில்ல ஒரு டியூப் லைட்டு குடுத்தாலே, வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு 'உபயம்'னு பேரை எழுதிப்புடுவான். வளையலையே குடுத்த மகராசிக்கு ஒரு கல்லு இல்லியா?"

போதாதா? வாத்தியாருக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல மறைபரப்பு ஞாயிறு. வெளிநாட்டுல ஊழியம் பண்ற சாமியாருங்களுக்குக் காணிக்கை எடுக்குற நாளு. நாந்தான் மைக்குல பேசணும். பேசுறேன். 'வாக்குக் காப்பாத்தத் தெரியாத ஆளுக்கு இனிமே யாரும் குடுக்காதீங்க'ன்னு ஊரறியச் சொல்லிப்புடுறேன்!"

"அவசரப்படாத. ஒரு வார்த்தை அவருகிட்டயே கேட்டுடு."

வாத்தியார் உரமூட்டை மேல் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"பேர் சொல்லப் புள்ளையில்லப்பா எங்களுக்கு. ஒரு கல்லாவது சொல்லட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பா?"

அரங்கநாதன் போனை வாங்கி அவரே வீடியோ கால் போட்டார்.

செபஸ்டின் சாமியார் கைலி பனியனோடு, கையெல்லாம் சுண்ணாம்பாகத் திரையில் வந்தார். "சார்! நல்லாருக்கீங்களா?"

எப்போதும் "தோத்திரம் சாமி" என்று கும்பிடுகிற வாத்தியார் இன்றைக்கு அதையும் விழுங்கிவிட்டார்.

"கல்லு எங்க?"

சாமியார் முகம் தொங்கிப்போனது. "கல்லு எப்பவோ செதுக்கியாச்சு சார். என் ரூமுலதான் இருக்கு. பதிக்கத்தான் இந்த ஊருக்காரங்க வுடல."

"வுடலையா? எம் பொண்டாட்டி வளையல் வேணும், பேரு வேணாமா? ஏன்டா செபஸ்டின், நீயாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

சாமியாரை 'டா' போட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"நல்லா திட்டுங்க சார், உங்ககிட்ட அடி வாங்குனவன்தான? டிசம்பர்ல லீவுக்கு வர்றப்ப நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். தப்புதான்."

"என்ன சொல்லணும்?"

"கூரை போட்ட அன்னிக்குக் கல்லைக் கொண்டாந்து வச்சேன். இது யாருன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல ஒரு அம்மா, உங்க மொகத்தைப் பாத்ததே இல்ல, ஆனா சாகுற வரைக்கும் தினம் சாயங்காலம் உங்களுக்காகச் செபமாலை சொன்னாங்கன்னேன். பொம்பளைங்க அழுதுட்டாங்க. அதுல ஒரு பொண்ணு எந்திரிச்சி வந்தா. 'அப்பேர்ப்பட்டவங்க பேரையா வெயில்லயும் மழையிலயும் கெடக்க வுடுறது? நான் எங்க வூட்டுக்குக் கொண்டுபோறேன்'னா."

"வூட்டுக்கா? கல்லையா?"

"கல்லை இல்ல சார். இருங்க, காட்டுறேன்."

போன் ஒரு சுற்றுச் சுற்றியது. செம்மண் வாசல், ஒரு மாமரம், காய்கிற துணி எல்லாம் ஓடின. சாமியார் குரல் கொடுத்தார்.

"லீலா மேரி!"

கோயிலுக்குப் பின்னாலிருந்து ரெண்டு வயசுக் குட்டி ஒன்று, வாயெல்லாம் மண்ணும் சிரிப்புமாக, போனைப் பார்த்து ஓடி வந்தது.

"இந்தக் கூரைக்குக் கீழ மொத ஞானஸ்நானம் இவளுக்குத்தான் சார். அன்னிக்குக் கேட்ட பொண்ணு பெத்த புள்ள."

அரங்கநாதன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாத்தியார் உரமூட்டையிலிருந்து எழுந்தார். "ஆண்டவரே, உமக்கு நன்றி... நன்றி சாமி, ரொம்ப நன்றி சாமி..." என்று உடைந்து அழுதார். பிறகு கண்ணைக்கூடத் துடைக்காமல் போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடி வருகிற பிள்ளையிடம் சொன்னார்.

"மெதுவா வா தாயி, வுழுந்துடாத. தாத்தா எங்கயும் போயிடல!"