இரண்டாவது கோடு

கருமுட்டை வெடிக்கப் போட்ட ஊசியே சில நாளைக்குக் கர்ப்பம் என்று பொய்யாக இரண்டாவது கோட்டைக் காட்டும், பதினாலு நாள் பொறு என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நீர்க்கட்டிகளோடு ஆறு வருடம் பொறுத்திருந்த வடிவுக்கு அந்தப் பதினாலு நாள் பொறுக்க முடியவில்லை. தினமும் ஒரு கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் பார்த்து, தேதி எழுதி, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினாள். பொய் முதலில் அழியட்டும், அப்புறம் வருவது மெய்யாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது கோடு நாளுக்கு நாள் வெளுத்தது. ஒன்பதாம் நாள் சேலை எடுக்க வந்த மாமியார், இரண்டு கோடும் பளிச்சென்று இருந்த முதல் கார்டைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, எங்கிட்டயே மறைச்சிட்டியே!"

வடிவு வாய் திறப்பதற்குள் மாமியார் அதைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று நாத்தனார்களும் மல்லிகைப்பூவோடு வந்து இறங்கினார்கள். பத்தாம் நாளிலிருந்து கார்டுகளில் ஒற்றைக் கோடுதான்.

பதினாலாம் நாள் காலை. குளியலறைக் கதவில் மாமியாரின் விரல் மெல்லத் தட்டியது.

"பைய வா தாயி, தரை வழுக்கும். இப்போ நீ ஒத்த உசிரு இல்ல."

"இந்தா வாரேன் அத்தை" என்றாள் வடிவு. கவிழ்த்து வைத்த கார்டை அவள் இன்னும் திருப்பவில்லை.