பன்னிரண்டு அதிகம்

தச்சுப்பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லறைச் சிலுவைகளை ராணுவ அதிகாரி இரண்டாம் முறையாக எண்ணினார். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு இருந்தன.

அது போகட்டும். அத்தனையும் வெள்ளை. அத்தனையும் மூன்றடி.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நம் வீரர்களுக்கு இருபத்தைந்து சிலுவைகள், மூன்றடி, வெள்ளை, பெயரோடு. நம் மண்ணில் விழுந்த எதிரிகளுக்குப் பதினைந்து, இரண்டடி, கறுப்பு, எண் மட்டும்.

நாளைக் காலை அடக்கம். தளபதியே வருகிறார். ஒரு சிலுவை நிறம் மாறி நின்றாலும் அதிகாரியின் தோளில் ஒரு நட்சத்திரம் குறையும்.

கை தவறிவிட்டது என்று நினைக்கவும் வழியில்லை. தச்சருக்கு ஊர் வைத்த பெயரே அரையங்குலம். கதவு அரை அங்குலம் பிசகினால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து மறுபடி இழைக்கிற மனிதர். ஓரடியைக் கோட்டை விடுவாரா?

அரையங்குலம் எழுந்துகூட நிற்கவில்லை. தன் பாட்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இது தேசத்துரோகம், பட்டறைக்குப் பூட்டுப் போட ஒரு போன் போதும், சாயங்காலத்துக்குள் பதினைந்தை அறுத்துக் கறுப்படிக்காவிட்டால் ராத்திரிச் சாப்பாடு லாக்கப்பில்தான் என்று பொரிந்து தள்ளினார்.

தச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பகைவரை நேசிக்கச் சொல்லும் பகுதியை, ஜன்னல் கண்ணாடி அதிர வாசித்தது யார்?

வாசித்தது சாட்சாத் அதிகாரியேதான். போதகர் கைகுலுக்கிப் பாராட்டவும் செய்தார்.

ஆனால் சர்ச் வேறு, சண்டை வேறு. ஒரு மனுஷன் மறு கன்னத்தைக் காட்டலாம், ஒரு நாடு காட்ட முடியுமா? காட்டினால் அடுத்த வாரம் சர்ச்சே இருக்காது. இருபது வருட சர்வீஸில் அதிகாரி சந்தேகமே படாத விஷயம் இது.

"நீங்க நல்லவரா இருந்துட்டுப் போங்கண்ணே. அவங்க நம்ம பசங்களுக்கு இப்படிச் செய்வாங்களா?"

தச்சர் உளியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கத்து சர்ச் ஒன்றிலிருந்து பல கை மாறி, போன மாதம் போதகர் மூலமாக வந்து சேர்ந்தது.

போட்டோவில் வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றிலும் அந்த நாட்டு எழுத்து. நடுவில் ஒன்றில் மட்டும் நம் எழுத்து. தெரியாத பாஷையைப் பார்த்துப் பார்த்து வரைந்தது போலக் கோணல்மாணலாக, தச்சருடைய ஒரே மகனின் பெயர்.

போன வருடம் ஆற்றைக் கடந்து பின்வாங்கியபோது அந்தப் பையனை விட்டுவிட்டு வந்தது அதிகாரியின் படைப்பிரிவுதான். 'காணவில்லை' என்று தச்சர் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியதும் அவர்தான்.

 அதிகாரிக்கு வெட்கமாக இருந்தது. போட்டோவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, லாரியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டார். தளபதி கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

இருபத்தைந்தும் பதினைந்தும் நாற்பது. மிச்சம் பன்னிரண்டு யாருக்கு என்பதுதான் அவருக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டார்.

அதுவரை நிமிர்ந்தே பேசிக்கொண்டிருந்த தச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பையனைக் காணோம்னு உங்க கடுதாசி வந்த வாரம், அவங்க ஆளுங்களுக்குப் பன்னிரண்டு சிலுவை செய்யச் சொன்னீங்க சார். நீங்க ரெண்டடிதான் கேட்டீங்க. நான்தான் வேணும்னே ஒன்றரை அடியில அடிச்சுக் கொடுத்தேன்."