பெல்ட் நின்ன நேரம்

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கன்வேயர் பெல்ட் சட்டென்று நிற்கிறது. இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டிருந்த வளவனின் பேச்சு மட்டும் நிற்கவில்லை. "ஓட்டு கேட்டு வரட்டும், அந்தக் கட்சிக்காரனுங்கள செருப்பால அடிக்கணும் மாமா!" சுரங்கத்துக்கே கேட்கிறது. பத்தடி தள்ளி, அதே கட்சிக் கரைவேட்டிக்காரரான காண்ட்ராக்ட் மேஸ்திரி கோதண்டம் புது கேட் பாஸ்களோடு நிற்கிறார். பாஸ் இல்லாதவன் நாளைக்கு உள்ளே வர முடியாது. வெயிலில் நிலக்கரித் தூள் மெதுவாக இறங்குகிறது. வளவனுக்குப் பக்கத்தில் நிற்கும் சக்கரபாணியின் கறுத்த முகத்தில் வேர்வை கோடு கிழிக்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மண்வெட்டி அவர் கையில்தான். ஐம்பத்தாறு வயசில் அதையும் பிடுங்கிவிட்டால் எங்கே போவது? "நீயும் அப்படித்தான் சொல்றியாய்யா?" என்று அவரைக் கேட்கிறார் மேஸ்திரி. வளவன் முந்திக்கொள்கிறான். "ஆறு மாசமா நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கினுதான இருக்கற? சொல்லு மாமா." ஆட்டினது வாஸ்தவம். ஆட்டாவிட்டால் அவன் விடமாட்டான். "பெல்ட்டு சத்தத்துல இவன் பேசறது ஒண்ணும் என் காதுல வுழாதுங்க," என்கிறார் சக்கரபாணி. அதுவும் வாஸ்தவம்தான். வளவன் அவரையே பார்க்கிறான். ஒரு பாஸ் அவர் கைக்கு வருகிறது. வளவனுடையதை மேஸ்திரி தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடக்கிறார். சைரன் ஊதி, பெல்ட் மறுபடி ஓடுகிறது. வளவன் கிட்டே வந்து என்னமோ ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். இரைச்சலில் கேட்கவில்லை. பழக்க தோஷம், சக்கரபாணியின் தலை ஆடிவிடுகிறது.