ஹனிபாலுக்கு வராத படை

"ஹனிபாலைத் தோற்கடிச்சது ரோம் இல்லீங்க. சொந்த ஊர்க்காரன்!"

மேசையைக் குத்தினார் சாமிதுரை. ரிட்டயரான சரித்திர வாத்தியார். ஊர் பொதுநலச் சங்கத் தலைவர். குத்திய வேகத்தில் டீ கிளாஸ்கள் எழுந்து உட்கார்ந்தன.

"கார்த்தேஜ்னு ஒரு நகரம். ஆப்பிரிக்காவோட வட கரையில. அதோட தளபதி ஹனிபால், யானைப்படையோட பனிமலையைத் தாண்டிப் போயி, ரோமாபுரிக்காரனை அவன் மண்ணுலயே உதைச்சான். 'இன்னும் ஆள் அனுப்புங்க, முடிச்சுடறேன்'னு ஊருக்குச் சொல்லி விட்டான். சபையில ஹன்னோன்னு ஒரு பெரிய மனுஷன் எழுந்து என்ன கேட்டான் தெரியுமா? 'ஜெயிச்சவனுக்கு ஆள் எதுக்கு? தோத்தவனுக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்?'"

சங்கமே "ச்சே!" என்றது. பொருளாளர் பழனிவேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய துரோகத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"நாம அப்படி இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத் தெருவுல சுண்ணாம்புக்கல் லாரி இனிமே வரக் கூடாது. நாளைக்குக் காலையில மறியல்! யாரு முன்னாடி நிக்கிறது?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ ஆறிப்போகும் கவலை வந்துவிட்டது.

"நான் நிக்கிறேங்க சார்."

வெற்றிச்செல்வி. தையல் கடை வைத்திருப்பவள். போன வாரம் லாரி இடித்துக் கால் ஒடிந்து கிடப்பது அவள் மகள்தான்.

"நீ போம்மா. பின்னாடியே படையோட வரோம்!" கைதட்டல் கீழப்பழுவூர் வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலை நடுத்தெருவில் போய் நின்றாள். முதலில் வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தங்கசாமி தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? தள்ளு!"

"தள்ள மாட்டேன். ஊரைச் சுத்திப் போ."

பின்னால் லாரிகள் வரிசை கட்டின. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவள் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், லாரியை நிறுத்திட்டேன். ஒருத்தியா நிக்கிறேன். சீக்கிரம் வாங்க."

"அதான் நின்னுடுச்சே! அப்புறம் நாங்க எதுக்கும்மா? திருமானூர்ல ஒரு கல்யாணம். தலையைக் காட்டிட்டு வந்துடறேன்."

பழனிவேல் நம்பருக்குப் போட்டாள். அவர் மனைவி எடுத்தாள்.

"மயக்கமா இருக்குன்னு சொல்லச் சொன்னாரும்மா."

படைக்குப் பதில் போலீஸ் ஜீப் வந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், தங்கசாமி உள்ளே நுழைவதைப் பார்த்ததும் எரிந்து விழுந்தாள்.

"புள்ள காலை ஒடிச்சது பத்தாதுன்னு என் மேல புகார் குடுக்க வேற வந்துட்டியா? நீயெல்லாம் புள்ள பெத்தவன்தானா?"

தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். இடித்தது தன் வண்டி இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "இவரு லாரியை ஓரங்கட்டிட்டு உங்களுக்காகப் பேச வந்திருக்காரு. 'என் வூட்டுலயும் ஒரு பொண்ணு படிக்குது சார், அந்தம்மா கேக்குறது நியாயம்தான், விட்டுடுங்க'ங்கறாரு."

வெற்றிச்செல்வி பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"அப்ப... புகார் குடுத்தது?"

மேசை மேல் மறுபடியும் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சலிப்போடு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"'சங்கத்தைக் கேக்காம அவளா மறியல் பண்ணிட்டா, பிடிச்சு உள்ள போடுங்க'ன்னு காலையிலேருந்து உயிரை வாங்கறாரும்மா, உங்க தலைவர்!"