நாலு மணிக்கு மேல்

"நாலு மணி பத்து நிமிஷம்தான் ஆகுது. அதுக்குள்ள மூடிட்டா எப்படிம்மா?"

பொருளாதாரப் பேராசிரியர் தேர்வுப் பிரிவின் கவுன்டர் மேல் ஒரு விடைத்தாளை வைத்தார். இரண்டு மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கதவு திறந்துதான் சார் இருக்கு. மதிப்பெண் பட்டியலைத்தான் மூடியாச்சு" என்றாள் கிளார்க்.

"அதைத்தான் கொஞ்சம் திறங்க. ஒரே ஒரு மார்க் மாத்தணும்."

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் காட்டவில்லை. அவளே எழுதி, ஆசிரியர்கள், அலுவலர்கள் அத்தனை பேருக்கும் மூன்று முறை அனுப்பியது அது. 'நாலு மணிக்கு மேல் மதிப்பெண் திருத்தம் ஏற்கப்படாது.' மூன்றாவதில் அந்த வரியை அடிக்கோடும் இட்டிருந்தாள். ஆசிரியர் ஓய்வறையில் அவளுக்கு 'மூணாவது ரிமைண்டர்' என்றே பெயர். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. எண்பத்து நான்கு ஆசிரியர்களின் பட்டியலும் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தது இந்த ஆண்டுதான்.

"கூட்டல்ல தப்பா சார்?"

"இல்ல."

"ஏதாவது பக்கம் திருத்தாம விட்டுப்போச்சா? இந்த ரெண்டும்னா ஆறு மணி வரைக்கும் வாங்கிக்கலாம். அதுக்கு ஃபாரம் இருக்கு."

"ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன். நாப்பத்தொம்பதுதான். பாஸுக்கு ஐம்பது வேணும். மனசு கேக்கலம்மா, அதான் வந்தேன்."

"மனசு கேக்கலைன்னு ஃபாரத்துல கட்டம் இல்லையே சார்."

பின் மேஜையிலிருந்த பிரிவுக் கண்காணிப்பாளர் சிரித்தார். பேராசிரியரின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இது யாரோ மாலை வகுப்புப் பிள்ளை. எண்தான் இருக்கு, பேர் தெரியாது. பகல் முழுக்க எங்கேயோ உழைச்சுட்டு வந்து எழுதியிருக்கு. பாருங்க, நாலு பக்கம் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி கையெழுத்து. அப்புறம் எழுத்து சரியுது. கடைசிக் கேள்வி பாதி வாக்கியத்துல நிக்குது. கண்ணைச் சொருகியிருக்கும்."

அவள் விடைத்தாளைத் தொடவில்லை. முகப்பில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தாள்.

"இந்த ஒரு மார்க்குக்கு ஆறு மாசம் காத்திருக்கணும் தெரியுமா? திரும்ப அதே பாடம், அதே பரீட்சை. பட்டமும் தள்ளிப் போகும்."

"தெரியும் சார்."

"முதல் பதிலைப் படிச்சா உங்களுக்கும் விட மனசு வராது. நேரத்துக்கு விலை உண்டான்னு கேட்டிருந்தோம். எல்லாரும் புத்தகத்தை அப்படியே வாந்தி எடுத்திருக்காங்க. இது மட்டும் பஸ்ஸுக்கு நிக்கற வரிசையை வெச்சே மொத்தத்தையும் விளக்கியிருக்கு. ஓய்வறையில சத்தமா படிச்சுக் காட்டினேன். பத்து வருஷத்துல இப்படி ஒரு பதிலை நான் திருத்தினதில்ல."

கிளார்க் குனிந்து மேஜை இழுப்பறைக்குள் எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது, "எல்லாரும் கேட்டாங்களா சார்?" என்றாள்.

"என்னது?"

"ஓய்வறையில படிச்சப்போ."

"கேக்காம? கணக்கு வாத்தியாரே செல்லைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. நீங்க பேச்சை மாத்தாதீங்க. போடுவீங்களா, மாட்டீங்களா?"

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். "போனாப் போகுது, ஏத்திடும்மா. நான் சொல்றேன்ல. ஒரு மார்க்குல குடி முழுகிடாது."

"எழுத்துல கொடுங்க சார், ஏத்திடறேன். ஆனா மூணு ரிமைண்டருக்கும் கீழ இருக்கறது உங்க கையெழுத்துதான்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சார், நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு வேதியியல் மேடம் வந்தாங்க" என்றாள் கிளார்க் பேராசிரியரிடம். "அவங்களுக்கும் ஒரு பிள்ளை மேல மனசு கேக்கல. ரெண்டே மார்க். முடியாதுன்னு அனுப்பிட்டேன். இப்ப இந்த ஒண்ணைப் போட்டுட்டு நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

பேராசிரியர் விடைத்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"அப்பவும் நாப்பத்தொம்பதுதான் சார்."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். நன்றாக இருக்கச் சொன்னது போலில்லை.

அவள் பட்டியலை அச்செடுத்து, பக்க எண் சரிபார்த்து, முத்திரை குத்தி, கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்த அவர், "காரியத்துல கெட்டிதான். ஆனா இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதும்மா" என்றார்.

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அலமாரியிலிருந்து மறுதேர்வு விண்ணப்பம் ஒன்றை உருவினாள்.

"அது எதுக்கு இப்ப? ரிசல்ட்டே நாளைக்குத்தான. அந்தப் பிள்ளை வந்து கேக்கட்டும், கொடுப்போம்."

"கேட்டு வாங்கியாச்சு சார்" என்றபடி, 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற கட்டத்தில் அவள் தன் பெயரை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.