வீணைமேல் விழுந்த கடலை

எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களும் சுகந்திக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வீணையை மட்டும் அவள் இதுவரை மீட்டியதில்லை. முதல் ஒலியே பிசகிவிட்டால் இத்தனை வருடம் படித்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்று பயம். ஒவ்வொரு விஜயதசமிக்கும் ஆரம்பிப்பதாகச் சொல்வாள். அதற்குள் படிக்க இன்னொரு புத்தகம் வந்துவிடும். சரஸ்வதி பூஜையன்று உறையைக் கழற்றிப் பொட்டு வைப்பதோடு சரி.

"பூஜையன்னிக்கு வாசிக்கக் கூடாதுதான். வருஷம் பூரா சும்மா கெடக்கிற வீணைக்கு இன்னிக்குத் தனியா என்ன ஓய்வு?" என்று சிரித்தபடி கணவன் கருணா சுண்டல் தட்டைத் தூக்கினான். ஒரு கடலை உருண்டு தந்திமேல் விழுந்தது.

கோணலாக ஓர் ஒலி மெலிதாக எழுந்து, போக மனமில்லாமல் அறையில் நின்றது. சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது.

"ஐயோ, தெரியாம விழுந்துடுச்சு. அது என்ன ஸ்வரம்?"

அவள் யோசித்தாள். "தெரியலைங்க."

சொன்னதும் தோள்கள் தளர்ந்தன. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சத்தியமா தெரியலை!"

வீணை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு போடுங்க."